அந்த எண்ணெய்க்கு ஏன் அந்த விலை?

"தம்பி, நீ மருந்துதானே படிக்கிறே? இந்த எண்ணெய் ஏன் இவ்வளவு விலை விக்குது?"

சென்ற தீபாவளி விடுமுறையில் ஆயர் ஈத்தாமில் உள்ள அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, முறுக்குத் தட்டை என் முன் வைத்த கையோடு அத்தை கேட்ட கேள்வி இது. அவர் கைப்பேசியில் காட்டிய படத்தில் ஒரு சின்னக் குப்பி. 1000 மில்லிகிராம் சி.பி.டி. எண்ணெய், விலை 60 அமெரிக்க டாலர். அத்தை மகளுக்கு ஏழு வயது. வலிப்பு நோய். இரண்டு வகை மருந்து கொடுத்தும் மாதத்தில் பல முறை இழுப்பு வருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் அத்தை, பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கைப்பையைக் கீழே வைப்பார்.

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. "இறக்குமதிச் சாமான் இல்லையா அத்தை" என்று மழுப்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. விடுதிக்குத் திரும்பிய பின் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சி.பி.டி. எனப்படும் கன்னாபிடியோல் கஞ்சாச் செடியில் உள்ள ஒரு பொருள். போதை தருவது அதே செடியில் இருக்கும் டி.எச்.சி.; சி.பி.டி.க்கு அந்தக் குணம் இல்லை. பூவை உலர்த்தி, எரிசாராயத்தாலோ உயர் அழுத்தக் கரியமில வாயுவாலோ சாறு எடுத்து, உறையவைத்து மெழுகை நீக்கி, டி.எச்.சி.யைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டுதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2018-இல் அமெரிக்கா, போதை மிகக் குறைந்த ஹெம்ப் வகைக் கஞ்சாவைப் பயிரிட அனுமதித்தது. விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு பயிரிட்டார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே மூலப்பொருளின் மொத்த விலை சரிந்து விழுந்தது. குப்பியின் விலை அந்த அளவுக்கு இறங்கியதா? இல்லை. அப்படியானால் விலை எண்ணெயில் மட்டும் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

முதலில், நிரூபிப்பதற்கு ஆகும் செலவு. டிராவே என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள 120 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது (சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள்). வெற்று மருந்து பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. இத்தகைய ஆய்வுகளின் பலத்தில் 2018 ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 32,500 டாலர். அரிய நோய்க்கான மருந்து என்பதால் சில ஆண்டுகள் போட்டியில்லாத தனியுரிமையும் கிடைத்தது. ஆய்வுக்குச் செலவிட்டவர் திரும்பப் பெறுவது நியாயமே. ஆனால் எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு மடங்கு?

'அப்படியானால் 60 டாலர் குப்பி மலிவுதானே?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மருந்தின் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். அத்தை மகளின் எடை 20 கிலோ. குறைந்த அளவில் கொடுத்தாலும் நாளுக்கு 200 மில்லிகிராம். ஒரு குப்பி ஐந்து நாளில் காலி! மாதத்துக்கு ஆறு குப்பி, 360 டாலர். நம் காசுக்கு ஏறத்தாழ 1,400 ரிங்கிட். 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்.

அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 84 பொருள்களைச் சோதித்தது. அவற்றில் 26-இல் மட்டுமே சீட்டில் எழுதிய அளவு சரியாக இருந்தது. 18-இல் டி.எச்.சி. இருந்தது. வலிப்புக்காரப் பிள்ளைக்குப் போதைப்பொருள் கலந்த எண்ணெயைக் கொடுப்பதா? தவிர, சி.பி.டி. வேறு சில வலிப்பு மருந்துகளோடு சேரும்போது கல்லீரலைப் பாதிக்கலாம். இரத்தச் சோதனை வேண்டும். 'இயற்கைப் பொருள்தானே, ஒன்றும் செய்யாது' என்று பேசும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எருக்கம்பாலும் இயற்கைப் பொருள்தான்.

நம் நாட்டில் இவற்றோடு இன்னொரு விலையும் சேர்கிறது. அது பயத்தின் விலை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் பிடியில் கஞ்சாவும் அதன் சாறும் இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்துவந்த 29 வயது ஆடவருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போதைய பிரதமர் துன் மகாதீரே அந்தச் சட்டத்தை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றார். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது. ஆனால் தூக்கு முற்றிலும் போய்விடவில்லை. (இதே பினாங்கில் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசாங்கக் கஜானாவை நிரப்பினார்கள் என்பது தனிக்கதை.)

அத்தைக்குத் தெரிந்த ஒருவர், ஹாட்யாயிலிருந்து கொண்டுவந்து தருகிறேன் என்றாராம். எல்லை தாண்டுபவர் தன் உயிருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். அந்தக் கூடுதல் காசில் பரிசோதனையும் இல்லை, மருத்துவர் மேற்பார்வையும் இல்லை. அத்தை வாங்கவில்லை. நானும் வேண்டாம் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எளிது. இரவில் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தானே.

2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், பதிவு செய்யப்பட்ட கஞ்சா மருந்துகளை மருத்துவத் தேவைக்கு இறக்குமதி செய்யலாம் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார். ஆக, கதவு பூட்டியில்லை. ஆனால் அத்தை போன்றவர் அதன் வழியே உள்ளே போக முடியாது. மருந்து அரசாங்க மருத்துவமனைப் பட்டியலில் சேர வேண்டும். அரசாங்கமே நிறுவனத்தோடு பேரம் பேச வேண்டும்.

நடக்காத காரியமா? ஹெப்பாடைட்டிஸ் 'சி' நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்து அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று சந்தைக்கு வந்தது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம், காப்புரிமை இருந்தும் மலிவான மாற்று மருந்தைப் பொது மருத்துவமனைகளுக்கு வரவழைக்க முடிவெடுத்தது. மருந்துக் காப்புரிமையைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் மூன்றாம் உலக வலையமைப்பின் தலைமையகம் நம் பினாங்கிலேயேதான் இருக்கிறது. போதைப்பொருள் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் மிண்டனில் நம் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. கெத்தும் இலையைப் பற்றி அங்கே நடந்த ஆய்வுகளை உலகமே படிக்கிறது. இந்த எண்ணெயையும் அங்கே சோதிக்க அனுமதியும் நிதியும் கொடுத்தால் என்ன?

போன வாரம் அத்தையிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை மடித்து, மகளின் மருத்துவமனை அட்டைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டப்போகிறாராம்.