அட்டவணையை மூடுவோம், களத்தில் அளப்போம்

ஒரு சமூகத்தின் உழைப்புக்கு ஆகும் ஆற்றலை மேசையிலிருந்தே கணக்கிடும் வழக்கத்தை, அதை ஆராயும் நாங்கள் நிராகரிக்கிறோம். நடைக்கு இவ்வளவு கலோரி, கிழங்கு தோண்டுவதற்கு இவ்வளவு என்று அட்டவணையில் எடுத்து, வேலை நேரத்தால் பெருக்கி வரும் விடை ஊகமே. அதை அளவீடு என்று இனி அச்சிட மாட்டோம்.

காரணம் வடக்குத் தான்சானியாவில், ஏயாசி ஏரியைச் சுற்றி வேட்டையாடியும் கிழங்கும் தேனும் தேடியும் வாழும் ஹாட்சா மக்களிடம் இருக்கிறது. ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோமீட்டரும் பெண்கள் 6 கிலோமீட்டரும் நடந்தார்கள். இருந்தும், உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அவர்களுடைய அன்றாட ஆற்றல் செலவு மேலைநாட்டவரின் செலவை ஒட்டியே இருந்தது. ஹாட்சா ஆண்களுக்கு ஏறத்தாழ 2,650 கிலோகலோரி, பெண்களுக்கு 1,880. அட்டவணைக் கணக்கு இதைக் காட்டியிருக்காது.

அளந்த விதம் எளிது, செலவுதான் அதிகம். கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியமும் கனமான ஆக்சிஜனான ஆக்சிஜன்-18ம் செறிந்த நீரை ஒருவர் குடிக்கிறார். பிறகு சில நாள் இடைவெளிகளில் சிறுநீர் மாதிரி தருகிறார். டியூட்டீரியம் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்திலுள்ள வித்தியாசம் அந்த வாயுவின் அளவைக் காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து ஆற்றல் கணக்கு. நேதன் லிஃப்சன் 1955இல் விலங்குகளில் செய்து காட்டிய இம்முறை, 1982இல்தான் மனிதர்களிடம் வந்து சேர்ந்தது.

ஆனால் இந்த நீர் ஒன்றிரண்டு வாரத்தின் மொத்தத்தைத்தான் தரும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எனவே மூச்சை அளக்கும் முகமூடியையும் கைவிட மாட்டோம். கென்யாவின் லுவோ, கிக்கூயூ பெண்களின் மூச்சை அளந்து 1986இல் வெளியான ஆய்வு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையிலோ நெற்றிப்பட்டையிலோ சுமந்தாலும் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை என்று கண்டது. சுமைகூலியைக் குறைக்க இதைச் சாக்காக்க விடமாட்டோம். கழுத்துவலி கலோரியில் தெரியாது.

முதுகில் குழந்தையோடு கிழங்கு தோண்டும் பெண்ணின் எடையோடு குழந்தையின் எடையையும் தனியே குறிப்போம். மாதிரி எங்கே போகிறது, என்ன செய்யப்படும் என்பதை நீரைக் குடிக்கும் முன்பே அவரவர் மொழியில் சொல்வோம். வேண்டாம் என்றவரை மறுநாள் போய்த் தொந்தரவு செய்ய மாட்டோம். முடிவுகள் ஆய்விதழுக்குப் போகும் முன் அளக்கப்பட்டவர்களின் முகாமுக்குப் போகும்; அங்கே எழும் மறுப்பும் கட்டுரையில் இடம்பெறும்.