இரண்டு சீட்டு, ஒரே உடம்பு!

"அப்பா பாத்ரூமில் விழுந்துட்டார்!"

விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் இதை அடிக்கடி கேட்கலாம். தள்ளிவிட்டவர் யாரும் இல்லை. போலீஸ் கேஸ் இல்லை. வயசாயிட்டுது, தலை சுற்றிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரைப் பையைச் சோதனை போட்டால் சில சமயம் ஆள் அகப்படுவான். ஒரு டாக்டர் கொடுத்த பிளட் பிரஷர் மாத்திரை. இன்னொரு டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரை. இரண்டும் நல்ல மாத்திரைதான். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்த்ததில்லை!

அமிட்ரிப்டிலின் என்று ஒரு பழைய மனச்சோர்வு மாத்திரை. சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சலுக்கும் இதையே கொடுக்கிறார்கள். சாப்பிடுகிறவருக்கு அது வெறும் "நரம்பு மாத்திரை". படுக்கையை விட்டு எழுந்ததும் பிரஷரை இறக்கிவிடும் குணம் அதற்கு உண்டு. பிரஷர் மாத்திரையும் ஏற்கனவே உள்ளே போயிருந்தால்? ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தவர் அப்படியே சாய்கிறார்.

ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் வேறு விதம். மெட்டோபிரோலால் என்ற பிரஷர் மருந்தைக் கல்லீரல் கரைக்கவிடாமல் இவை தடுக்கும். விழுங்கியது ஒரு மாத்திரை. ரத்தத்தில் சேருவது பல மடங்கு. நாடி இறங்கிப் போகும். வென்லாஃபாக்ஸினோ நேர் எதிர், பிரஷரை ஏற்றிவிடும்! சிறுநீர் பிரியக் கொடுக்கும் பிரஷர் மாத்திரையோடு எஸ்சிட்டலோபிராம் சேர்ந்தால், வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்பு குறையலாம். பாட்டி உளறுவாள். "புத்தி பிசகிட்டுது" என்பார்கள் வீட்டில்.

இதையெல்லாம் டாக்டர்கள் அறிவார்கள். சொன்னால்தானே? மனசுக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல நம் ஜனங்களுக்கு வெட்கம். "பைத்தியத்துக்கா?" என்று கேட்டுவிடுவார்களே! அந்தச் சீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

மருந்துக் கடைக்காரர் கேட்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டு வரும் பெண்கள் கேட்கலாம். "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" ஒரே கேள்வி! அவர்கள் நோட்டில் இதற்கு ஒரு கட்டம் போட சுகாதாரத்துறைக்கு என்ன செலவு?

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மெட்டோபிரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். மனச்சோர்வு மாத்திரையையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எல்லா அட்டையையும் ஒரே பையில் போடுங்கள். அடுத்த தடவை டாக்டர் மேஜையில் கொட்டுங்கள்.