விடுதலைக்குப் பின்னும் ஒலிக்கும் பெயர்

நீதிமன்றத் தாழ்வாரங்களில் நின்று பழகியவர்கள் அறிவார்கள். டவாலி வெளியே வந்து, கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். மூன்றாவது அழைப்புக்குள் உள்ளே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். என் பழைய மாணவன் ஒருவனுக்குத் துணையாக, அப்படியொரு தாழ்வாரத்தில் நான் பல வாய்தாக்கள் நின்றிருக்கிறேன். சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் அவன். தகப்பனார் சிறு நிலத்தில் கொத்தமல்லி பயிரிட்டுச் சூளகிரிச் சந்தைக்குக் கொண்டுவருபவர். ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பு ஒன்றில் பதினான்கு பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. பதினோராவது பெயர் அவனுடையது. நான்கு ஆண்டுகள் அலைந்த பிறகு நீதித்துறை நடுவர் அனைவரையும் விடுதலை செய்தார். "இனி உன் பெயரை இங்கே எவரும் கூப்பிடப் போவதில்லை" என்று தேற்றி, அவனைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன்.

நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அதன்பின் அவன் தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத் தேர்வில் தேறினான். சேர வேண்டிய நாளுக்கு முன்தினம், வரவேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். விசாரித்தபோது, 'பின்னணிச் சரிபார்ப்பு' என்றார்கள். ஏதோ ஒரு முகமையில் யாரோ ஒருவர் அவன் பெயரைக் கணினியில் தட்டியிருக்கிறார். வழக்கு எண்ணும் குற்றப் பிரிவுகளும் வந்து விழுந்திருக்கின்றன. வழக்கு எப்படி முடிந்தது என்று பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்திருக்காது. "ஜட்ஜ் விட்டுட்டாரு சார், கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது" என்றான் அவன். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் நியாயத்தைத்தான் இங்கே வாதமாக விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

வழக்கு விசாரணை திறந்த மன்றத்தில் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திறந்த மன்றம் என்பது நீதிபதியை ஊர் கண்காணிப்பதற்காக ஏற்பட்டது. விடுதலையானவனை ஊர் காலமெல்லாம் கண்காணிப்பதற்காக ஏற்பட்டதன்று. இவ்விரண்டையும் நம் நீதித்துறை குழப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழப்பத்திற்கான விலையை, எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத மனிதர்கள் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

*

தனியுரிமை பற்றிய இந்தியச் சட்டத்தின் முக்கியமான மைல்கல் ஒன்று தமிழ்நாட்டு வழக்கில்தான் நாட்டப்பட்டது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைத் தன்போக்கில் விட்டுவிடக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. உடனேயே ஒரு விலக்கையும் சொன்னது: நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்றுவிட்ட செய்திக்கு அந்த உரிமை பொருந்தாது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயருக்கு மட்டும் அந்த விலக்கிலிருந்து பாதுகாப்புத் தந்தது.

அன்றைக்கு அது நியாயமான ஏற்பாடுதான். 1994இல் நீதிமன்ற ஆவணம் என்றால் என்ன? பதிவறையில் நூல் கட்டித் தூசி படிந்து கிடக்கும் காகிதக் கட்டு. ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால், எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, எந்த எண் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். நகல் மனுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆவணம் பொதுவானதுதான், ஆனால் அதை அடையும் வழி கரடுமுரடானது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத அந்தச் சிரமமே எளிய மனிதனுக்குக் காப்பாக இருந்தது. உண்மையான தேவை உள்ளவர் மட்டுமே அவ்வளவு தூரம் வருவார்.

2007இல் தொடங்கிய மின்நீதிமன்றத் திட்டம் அந்தச் சிரமத்தை நீக்கிற்று. வாய்தா தேதி அறிய மட்டும் ஒருநாள் கூலியைத் தொலைத்துவிட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்த ஏழைக்கு அது பெரும் உதவி, மறுக்கவில்லை. ஆனால் எண்ணைக் கொண்டு வழக்கைத் தேடுவது ஒன்று. பெயரைக் கொண்டு மனிதனைத் தேடுவது முற்றிலும் வேறு. இரண்டாவது வசதியும் சேர்ந்தே திறந்துவிடப்பட்டது. உச்ச, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளோ தனியார் சட்டத் தளங்களிலும் ஏறி, தேடுபொறிகளுக்குள் புகுந்துவிட்டன. காகிதம் இருந்த காலத்து விதி, காகிதம் போன பின்னும் அப்படியே நிற்கிறது.

முதல் தகவல் அறிக்கையின் கதை இன்னும் விசித்திரமானது. பதிவான 24 மணி நேரத்திற்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தன் மீது என்ன குற்றச்சாட்டு என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் உடனே அறிய வேண்டும் என்பதே நோக்கம். அவருடைய நன்மைக்காகத் திறந்த கதவு, இன்று அவரைக் காட்டிக்கொடுக்கும் சன்னலாகவும் ஆகிவிட்டது.

எங்கள் வட்டாரத்தில் இதன் பொருள் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 பிப்ரவரி 2 அன்று, கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சும் தடியடியும் நடந்தன, வழக்குகள் பதிவாயின. கல்லெறிந்தவன் தண்டனை பெறட்டும். ஆனால் கூட்டத்தின் மீது வழக்குப் பதியும்போது எறிந்தவன், வேடிக்கை பார்த்தவன், சாலையைக் கடக்க முடியாமல் நின்றவன் எல்லோரும் ஒரே பட்டியலில் வந்துவிடக்கூடும் என்பது ஊரறிந்த செய்தி. பிரித்தறிவதற்குத்தான் விசாரணை. விசாரணை பிரித்த பின்னும் பட்டியல் பிரியாமல் இருந்தால், விசாரணையால் என்ன பயன்?

*

இந்தக் கேள்வி மதுரைக் கிளைக்கு வந்தது. விசாரணை நீதிமன்றம் தண்டித்து, உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுதலை செய்த ஒருவர், இணையத்திலுள்ள தீர்ப்பில் தம் பெயரை மறைக்குமாறு கேட்டார். 2021 ஆகஸ்ட் 3 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்க மறுத்தார். அவருடைய தயக்கத்தில் நேர்மை இருந்தது: எந்த அளவுகோலைக் கொண்டு மறைப்பது? அதற்கான விதிகள் இல்லையே. தகவல் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்றார்.

சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தன் தகவலை அழிக்கக் கோரும் உரிமையைக் குடிமகனுக்குத் தந்தது. ஆனால் நீதிமன்றங்கள் தம் நீதிப் பணிக்காகக் கையாளும் தகவல்களை அந்த உரிமையின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கைகாட்டியது. நாடாளுமன்றம் நீதிமன்றத்தை விலக்கிவைத்தது.

2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றி, அவர் பெயரை மறைக்க உத்தரவிட்டது. சட்டத் தளமான இந்தியன் கானூன் மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. வழங்கப்பட்ட தீர்ப்பு பொது ஆவணம் அன்றோ, அதை எப்படி எடுத்துவிடச் சொல்வது என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

எடுத்துவிடச் சொல்லவில்லை, ஐயா. பெயரை மட்டும் மறைக்கச் சொல்கிறோம். தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். சாட்சியங்களை எப்படி எடைபோட்டார்கள், காவல்துறை எங்கே தவறியது, சட்டத்தின் எந்தப் பிரிவுக்கு என்ன பொருள் சொன்னார்கள் என்பதெல்லாம் ஊருக்குச் சொந்தம். அவற்றைப் படித்து நீதிபதியை விமர்சிக்க, குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயர் தேவையில்லை. ஜெர்மனியில் தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டே வெளியாகின்றன. அங்கே நீதி இருட்டில் நடக்கிறதென்று எவரும் சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் எல்லைக்கு அப்பாலுள்ள கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் இதற்கு எளிய வழி காட்டியது. ஒரு பெண்ணின் திருமணம் தொடர்பான வழக்கில், இணையத் தேடலில் அவர் பெயர் வராதபடி பார்த்துக்கொள்ளப் பதிவாளருக்கு அறிவுறுத்தியது. சான்றிட்ட நகல் கேட்பவருக்குப் பெயருடன் கூடிய நகல் கிடைக்கும் என்றும் சொன்னது. ஆவணம் ஆவணமாகவே இருக்கிறது. தேவையுள்ளவர் மனுப் போட்டுப் பெறலாம். 1994இல் தானாக இருந்த காப்பு, இப்போது அறிந்தே மீட்கப்படுகிறது. அவ்வளவுதான்.

*

நண்பர்கள் எழுப்பக்கூடிய மறுப்புகள் சிலவற்றையும் பார்த்துவிடுவோம்.

பெரிய மனிதர்கள் இதைப் பயன்படுத்தித் தம் பழைய கணக்குகளை அழித்துக்கொள்வார்கள் என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம். இதற்கான விடை அதே இராஜகோபால் தீர்ப்பில் இருக்கிறது: அரசுப் பொறுப்பிலுள்ளவர் தம் பணி சார்ந்த செயல்களுக்குத் தனியுரிமை கோர முடியாது. மக்கள் பிரதிநிதி, அதிகாரி, காவல்துறையினர் ஆகியோரின் பணி தொடர்பான வழக்குகளை விலக்கி வைத்துவிடலாம். இப்போது நடப்பது என்ன? நற்பெயர் மேலாண்மை என்று கூலிக்கு ஆள் வைத்துத் தேடல் முடிவுகளில் தம் பழைய செய்திகளைப் பின்னுக்குத் தள்ள வசதியுள்ளவர்களால் முடியும். கொத்தமல்லி விற்பவரின் மகனால் முடியாது.

விடுதலையானோர் எல்லாம் நிரபராதிகளா, சாட்சிகள் பிறழ்ந்ததால் தப்பியோர் இல்லையா என்பது இரண்டாவது. இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் கோணத்தில் இது கசப்பான உண்மை. அதற்கு மருந்து செம்மையான புலனாய்வும், சாட்சிகளுக்குப் பாதுகாப்பும், மேல்முறையீடும். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 இறுதியிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. அவ்வழிகளெல்லாம் முடிந்த பிறகும், 'நீதிமன்றம் விட்டது, நாங்கள் விடமாட்டோம்' என்று தேடுபொறி இன்னொரு தீர்ப்பு எழுதலாமா? அரசே இந்த மனநிலையில்தான் இருக்கிறது என்பது வேறு கதை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனைப் பெற்றோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுகிறார். சட்டம் ஒரு கையால் கொடுத்த விடுதலையை விதி மறுகையால் வாங்கிக்கொள்கிறது. அரசு காட்டிய வழியில் தொழிற்சாலை போகிறது.

மூன்றாவது, வேலை தருபவருக்கு அறியும் உரிமை இல்லையா என்பது. தண்டனை பெற்றவரைப் பற்றி நான் இங்கே பேசவே இல்லை. விடுதலையானவரைப் பற்றி அறிய என்ன இருக்கிறது? அவர்மீது ஒரு காலத்தில் யாரோ புகார் சொன்னார் என்பதைத் தவிர?

*

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. விடுதலை, விடுவிப்பு, வழக்கு ரத்து ஆகியவற்றில் முடிந்த வழக்குகளில், மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும், இணையப் பதிப்பில் பெயருக்குப் பதிலாக எழுத்துக் குறியீடு இட வேண்டும். பெயரைக் கொண்டு வழக்குத் தேடும் வசதி, வழக்கின் தரப்பினருக்கும் வழக்கறிஞருக்கும் மட்டும் இருக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் முதல் தகவல் அறிக்கை காவல்துறைத் தளத்திலிருந்து இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை தாமாக நடக்க வேண்டும். மதுரைக்குப் போய் ரிட் மனுப் போட வசதியுள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் மறதி, உரிமை ஆகாது, அது சலுகை. தம் கீழுள்ள நீதிமன்றங்களின் நடைமுறைக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 227ஆம் பிரிவு உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. தம் சொந்த இணையதளத்தைத் திருத்திக்கொள்ள நாடாளுமன்றத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தமிழ் கற்பிப்பவன் என்பதால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கண்ணகி பாண்டியனின் அவைக்குப் போனபோது கோவலன் உயிருடன் இல்லை. அவள் கேட்கப் போனது உயிரை அன்று. கணவன் மேல் ஒட்டிய கள்வன் என்னும் பெயரைக் களையப் போனாள். சிலம்பு உடைந்ததும், அந்தப் பெயரை அரசன் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிர் நீத்தான். ஒருவன் மீது தவறாக விழுந்த பெயரை நீக்காதவரை நீதி முழுமையாகாது என்று அந்த அவைக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் அந்த மாணவன் அமர்ந்திருந்த பலகை கண்ணில் படுகிறது. அவன் இப்போது தகப்பனாருடன் விடியற்காலையில் சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அது அவன் தேர்ந்துகொண்ட தொழில் அன்று. விடுதலை செய்யப்பட்ட ஒரு வழக்கு அவனுக்கு விதித்த தொழில்.