பாஸ் ஃபைட்டில் நிற்பது அம்மா!

'கேமை மூடிட்டு சாப்பிட வா' என்று பத்து தடவை கூப்பிட்டும் பதில் வராத வீடுகளில், 'தி கில்டு' பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகவே வரும். 2007-ல் யூடியூபில் தொடங்கி 2013 வரை ஆறு சீசன்கள் ஓடிய அமெரிக்க வெப் சீரிஸ் இது. முதல் சீசனில் ஒவ்வொரு எபிசோடும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆன்லைன் கேம் ஒன்றில் ஒரே அணியாக ஆடும் ஆறு பேரின் கதை. காயம்பட்டவர்களைக் குணப்படுத்துவது கோடெக்ஸின் பொறுப்பு. ஆனால் நிஜத்தில் அவளைக் குணப்படுத்த ஆள் இல்லை. கேமை விட மாட்டேன் என்கிறாள் என்று மனநல ஆலோசகரே கைகழுவிவிடுகிறார். தினமும் பேசும் அணிக்காரர்களை அவள் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒருநாள் கதவைத் திறந்தால் அவர்களில் ஒருவனான ஸாபூ நிற்கிறான். அரட்டையைக் காதல் என்று நினைத்துவிட்டானாம்!

இந்திய வம்சாவளிப் பையனான ஸாபூவாக வருபவர் சந்தீப் பாரிக். முதல் சீசன் கடைசியில் அவனைத் தேடி அம்மா வந்துவிட, கேமில் பெரிய வில்லனைச் சூழ்ந்து அடிப்பதுபோல அணியே வியூகம் வகுக்கிறது. அலப்பறை! மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றாத க்ளாராவிடம் மட்டும் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது.

எழுதி, கோடெக்ஸாக நடித்த ஃபெலிசியா டே, 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் சுமார் இரண்டு வருடம் மூழ்கிக் கிடந்தவர். அதனால்தான் கேலியில் துளியும் வெறுப்பு இல்லை. டி.வி.க்காக எழுதியதை அங்கே வழி கிடைக்காமல் நெட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று எபிசோடுகளிலேயே கைக்காசு கரைந்தது. 'முடிந்ததைக் கொடுங்கள்' என்று பார்வையாளர்களிடமே கேட்டார். பேபால் வழியாக வந்த பணத்தில் முதல் சீசன் முடிந்தது. கிரவுட் ஃபண்டிங் என்ற வார்த்தை பலருக்குத் தெரியாத காலம் அது! இரண்டாவது சீசனுக்கு மைக்ரோசாஃப்ட் வந்தது. அப்போதும் தொடரின் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னால் ஆட்கள் கூடக் கூட, முதல் சீசனின் நெருக்கம் குறைவது உண்மை. பெரியவர்களுக்கான ஜோக்குகள் நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆரம்பியுங்கள்.