தென்னை ஓலையின் அடிப்புறம்

தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற சேதராப்பட்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது தென்னை ஓலையின் அடிப்புறத்தை. அங்கே வட்ட வட்டமாக வெள்ளை மெழுகுப் பூச்சு தெரிந்தால், அது சுருள் வெள்ளை ஈ முட்டையிட்ட தடம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட அயல்நாட்டுப் பூச்சி இது. சாற்றை உறிஞ்சிப் பிசுபிசுப்பான கழிவைச் சொரியும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து கீழோலைகள் கறுத்துவிடும்.

பார்த்ததும் பெரியவர்கள் மருந்தடிக்க ஓடுகிறோம். அது தவறு. இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவியும் அந்த மருந்தில் செத்துப்போகும். ஓலையில் கறுத்த குஞ்சுகள் தெரிந்தால், குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும்.

மருந்தால் ஆகாததைக் குளவி செய்துகாட்டியது இது முதல்முறையல்ல. 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என எதையும் விட்டுவைக்கவில்லை. எத்தனையோ முறை மருந்தடித்தும் அடங்காததை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த குளவிதான் அடக்கியது. இந்தக் கதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருந்தடிக்கத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு: பக்கத்திலேயே ஊசுடு ஏரி, பறவைகள் சரணாலயம். ஆசிரியர்களே, அடுத்த அறிவியல் வகுப்பை ஒரு தென்னை மரத்தடியில் நடத்துங்கள். வெள்ளை ஈக்களைப் பிடிக்க, ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியைப் பிள்ளைகளே கட்டட்டும்.