தொற்றுநோய் மருத்துவர் கார்லோ உர்பானி



பிள்ளையை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டுப் பங்கு இல்லத்திற்கு வரும் பெற்றோர், இதய மருத்துவம், எலும்பு மருத்துவம் என்று கனவு காண்பதைக் கேட்டிருக்கிறேன். தொற்றுநோய் மருத்துவம் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அத்துறையைத் தேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறேன்.

கார்லோ உர்பானி 1956-இல் இத்தாலியின் காஸ்தெல்பிளானியோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். அன்கோனாவில் மருத்துவம் கற்று, மெசினாவில் தொற்றுநோய்களிலும் வெப்பமண்டல நோய்களிலும் சிறப்புப் பயிற்சி பெற்றார். பின்னர் மச்செராத்தா மருத்துவமனையில் ஏறத்தாழப் பத்தாண்டுப் பணி. நாள்தோறும் வரும் சாதாரணக் காய்ச்சலையும் இருமலையும் பொறுமையோடு பார்த்துப் பழகிய கண்ணுக்கே, சாதாரணமல்லாத ஒன்று வரும்போது புலப்படும். இத்துறையின் மெய்யான பள்ளிக்கூடம் அதுவே என்பது என் துணிபு. அடுத்து, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பில் சேர்ந்து, கம்போடியாவில் மேக்கொங் ஆற்றோர மக்களை வாட்டிய புழுநோயோடு போராடினார். 1999-இல் அவ்வமைப்பு நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது அதன் இத்தாலியக் கிளைக்குத் தலைவர் அவரே.

2003 பிப்ரவரி இறுதியில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் வியட்நாமின் ஹனோய் நகரில் இருந்தார். அங்கு ஒரு மருத்துவமனையில் இனம் தெரியாத நுரையீரல் காய்ச்சலோடு வந்த வணிகர் ஒருவரைப் பார்க்க அழைக்கப்பட்டார். சில நாட்களில் அவரைக் கவனித்த செவிலியரும் படுக்கையில் வீழ்ந்தனர். உர்பானி நாள்தோறும் சென்று மாதிரிகள் எடுத்தார். முகக்கவசம், நோயாளரைத் தனிமைப்படுத்தல் ஆகியவற்றைக் கற்பித்தார். மார்ச் 9, ஞாயிறன்று நான்கு மணி நேரம் பேசி, கடும் நடவடிக்கைக்கு அரசினரை இணங்கச் செய்தார்.

மூன்று பிள்ளைகளின் தந்தை இவ்வாறு செய்யலாமா என்று மனைவி கேட்டார். இத்தகைய வேளையில் உதவாவிடில் தாம் அங்கிருப்பது எதற்கு என்பதே அவர் மறுமொழி. அந்த அம்மையாரின் கேள்வியை நான் சிறிதென்று எண்ணவில்லை. குடும்பப் பாரம் சுமக்காத குருவாகிய எனக்கு, அதனை எடைபோடும் உரிமையும் குறைவே.

மார்ச் 11 அன்று பாங்காக் செல்லும் விமானத்தில் அவருக்கே காய்ச்சல் கண்டது. வரவேற்க வந்த நண்பரை அருகில் வரவேண்டாமெனத் தடுத்தார். காப்பு உடையணிந்தோர் வரும்வரை, ஒன்றரை மணி நேரம் இருவரும் விலகியே அமர்ந்திருந்தனர். மறுநாள் உலக நலவாழ்வு நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. சார்ஸ் எனப் பெயர் பெற்ற அந்நோய் 774 உயிர்களைக் கொண்டுசென்றது.

மருத்துவமனையில் அவர் குருவை அழைக்கக் கேட்டார்; தம் நுரையீரல் திசுவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவும் சொன்னார். மார்ச் 29-இல், 46-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

வியட்நாமில் நோயுற்றோர் 63 பேர், இறந்தோர் ஐவர். அவர் மறைந்து முப்பது நாள் கழித்து, ஏப்ரல் 28-இல், சார்ஸ் நோயைக் கட்டுப்படுத்திய முதல் நாடாக வியட்நாம் அறிவிக்கப்பட்டது.