வதந்தியை வடிகட்டுங்க, புகாரை இல்லை

1/ டிசம்பர் 2021. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், 150 பேருக்கு மேல், விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம மருத்துவமனையில் சேர்ந்தாங்க. சிலர் இறந்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்பில் பரவ, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய மறியல். உண்மையில் யாரும் இறக்கலை.

2/ இப்படிச் செய்தி வந்தா எக்ஸ் தளத்தில் அட்வான்ஸ்டு சர்ச் போங்க. ஊர்ப் பெயர், தேதி கொடுத்துத் தேடுங்க. முதலில் சொன்னது யார்? எந்த மருத்துவமனை? பதில் இல்லைன்னா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

3/ ஆனா ‘குறைந்தபட்ச லைக்’ வடிகட்டியை மட்டும் போட்டுடாதீங்க. விடுதிச் சோறு சரியில்லைன்னு ஒரு பொண்ணு போடுற பதிவுக்குப் பத்து லைக்கூட வராது.

4/ மரணச் செய்தி பொய். விடுதிகள் சில தரமா இல்லைங்கிறது நிஜம், ஆப்பிளே ஒப்புக்கிச்சு. வதந்தி காய்ச்சல் மாதிரி. அதை மட்டும் இறக்கினா நோய் உள்ளேயே இருக்கும்.